அழுகைக்குச் சுருதி சேர்த்தவர்கள்



பள்ளி ஆசிரியன் ஒருவன் சங்கீதத்தைப் பற்றிப் பேச வந்தால், 'இவருக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. எனக்குப் பாட வராது. எந்த வாத்தியத்தையும் பயின்றவனும் அல்லேன். முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் நான். அந்தக் காலத்தில் நான் செய்த பிழை ஒன்றுதான் இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளும்படி என்னைத் தூண்டியது.

1986-ஆம் ஆண்டு. ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். யாரோடும் பேசமாட்டான், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் காலை வழிபாட்டில் பிள்ளைகள் பாடிய பாட்டை, எல்லாரும் வகுப்புக்கு வந்து அமர்ந்த பிறகு, வாய் திறவாமல் தனக்குள் முனகிக்கொண்டிருப்பான். சுருதி இம்மியும் பிசகாது. முனகும்போதே பெஞ்சுப் பலகையில் விரல்களால் தட்டுவான். ஒரு நாள் கணக்குப் பாடம் நடக்கும்போது அவன் தட்டுவது எனக்கு இடைஞ்சலாக இருந்தது. அவன் கையைப் பிடித்துப் பலகையின்மேல் அழுத்தினேன். அவன் அலறினான். பள்ளிக்கூடம் முழுவதும் எழுந்து நின்று பார்க்கும்படி அலறினான். மறுநாள் அவன் தாயாரை வரவழைத்து, "இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவராது அம்மா, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அந்த அம்மாள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையையும் சிலேட்டையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நானே சிவப்பு மையால் அடித்தேன்.

அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில், இதே போன்ற சிறுவன் ஒருவன் இதே போல அலறினான் என்பதும், அவன் முன்னால் இருந்த மனிதர் நான் செய்ததற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தார் என்பதும் எனக்கு ஓய்வு பெற்ற பிறகே தெரியவந்தன. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஆட்டிசம் என்ற சொல் இப்போது நம் ஊர்களிலும் பழகிவிட்டது. 'மதியிறுக்கம்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு உவப்பாக இல்லை. இந்தப் பிள்ளைகளுள் பலருக்கு மதி இறுகவும் இல்லை, குறையவும் இல்லை. நல்ல சொல் கிடைக்கும்வரை ஆட்டிசம் என்றே சொல்லுவோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர் 1943-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையின் அடிக்கல்லாகக் கருதப்படுகிறது. பதினொரு குழந்தைகளைப் பற்றிய கட்டுரை அது. எட்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள். பிறரோடு ஒட்டாமை, மாற்றத்தைப் பொறாமை, பேச்சில் விந்தையான போக்கு ஆகியவற்றை அவர் நுணுக்கமாக விவரித்தார். ஆனால் அந்தக் கட்டுரையில் பலரும் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அவற்றுள் ஒரு குழந்தை ஒரு வயதில் பல பாட்டுகளைப் பிழையின்றி முனகிற்று. இன்னொன்று ஒன்றரை வயதில் பதினெட்டு சிம்பனிகளைப் பிரித்தறிந்தது. முதல் பகுதி தொடங்கியவுடனே இயற்றியவர் பெயரைச் சொல்லிற்று. தாயின் குரலுக்குத் திரும்பாத செவி, சங்கீதத்துக்கு அவ்வளவு கூர்மையாகத் திறந்திருந்தது. கானர் இதைக் குறித்துவைத்தார். அதற்கு மேல் அந்த வழியே அவர் செல்லவில்லை.

அந்த வழியே சென்றவர் மருத்துவர் அல்லர். ஒரு பியானோ வித்வான். பால் நார்டாஃப் என்பது அவர் பெயர். 1909-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். மேடைக்கு இசை அமைத்தவர்; மார்த்தா கிரஹாம் என்ற புகழ்பெற்ற நாட்டிய மேதையின் படைப்புகளுக்கும் இசை எழுதியவர். நியூயார்க் மாநிலத்தில் உள்ள பார்டு கல்லூரியில் பேராசிரியர். வயது ஐம்பதை நெருங்கும்போது, 1958-இல், விடுமுறை பெற்று ஐரோப்பா சென்றார். இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பகுதியில், கிளெண்ட் என்ற இடத்தில், சன்ஃபீல்டு என்னும் குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்தது. ருடால்ஃப் ஸ்டைனர் என்ற சிந்தனையாளரின் கருத்துகளை ஒட்டி 1930-இல் தொடங்கப்பெற்ற இல்லம் அது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர்கள் நடுவே இசைக்கு இருந்த இடத்தைக் கண்ட நார்டாஃப், ஊர் திரும்பித் தம் பேராசிரியர் பதவியைத் துறந்தார்; 1959-இல் மீண்டும் சன்ஃபீல்டுக்கு வந்துவிட்டார்.

நிலையான வேலையை விடுவது எளிதன்று என்பதை மாதச் சம்பளக்காரனாகிய நான் அறிவேன். கச்சேரி மேடையை விட்டுவிட்டு, கைதட்டத் தெரியாத சபைக்கு முன்னால் போய் உட்காருவதற்கு ஒரு துணிவு வேண்டும்.

சன்ஃபீல்டில் அவருக்கு ஒரு துணைவர் கிடைத்தார். கிளைவ் ராபின்ஸ் என்ற இளம் ஆசிரியர். வகுப்பறைக்காரர். நான் ஆசிரியர் குலத்தைச் சேர்ந்தவன் ஆகையால் இந்த இடத்தில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. நார்டாஃப் பியானோவின் முன் அமர்வார். ராபின்ஸ் பிள்ளையின் பக்கத்தில் இருப்பார். அறையில் ஒரு முரசும், தாங்கியின்மேல் நிறுத்திய தாளத்தட்டு ஒன்றும் இருக்கும். பிள்ளை முரசை அடித்தால், அந்த அடியின் வேகத்துக்குப் பியானோ செல்லும். அடி நின்றால் பியானோவும் காத்திருக்கும். பிள்ளை ஓடினால் ஓட்டத்துக்கு ஏற்ற நடை. சுற்றினால் சுற்றுவதற்கு ஏற்ற நடை. முன்னதாக எழுதிவைத்த பாட்டு எதுவும் இராது. அந்தந்தக் கணத்தில் பிறப்பதே பாட்டு.

இதை நம் நாட்டார்க்கு விளங்கவைப்பது எளிது. கச்சேரியில் பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின்காரர் என்ன செய்கிறார்? நிழல்போலப் பின்தொடர்கிறார். பாடகர் மூச்சு விடும் இடைவெளியில், அவர் பாடியதன் சாயலைத் திருப்பித் தருகிறார். முந்திக்கொள்வதில்லை. பாடகர் எங்கே போகப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் கூடவே போகிறார். நார்டாஃப் செய்தது அதுவே. ஒரு வேறுபாடுதான். பிரதான வித்வான் ஐந்து வயதுப் பிள்ளை. பக்கவாத்தியம் வாசிப்பவர் ஐம்பது வயதுப் பேராசிரியர்.

பின்னர் இருவரும் அமெரிக்கா சென்றார்கள். பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தின் குழந்தை மனநல மருத்துவப் பிரிவில், ஆட்டிசம் உள்ள சிறுவர்க்கான பகல் நேரப் பராமரிப்பகம் ஒன்று இருந்தது. 1962 முதல் 1967 வரை, அந்நாட்டு அரசின் மனநல நிறுவனம் அளித்த நிதியுதவியோடு அவர்கள் அங்கே பணி செய்தார்கள். ஒவ்வோர் அமர்வையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அமர்வு முடிந்ததும் நாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த நொடியில் பிள்ளை என்ன செய்தான், பியானோ என்ன செய்தது என்று குறிப்பெழுதினார்கள். வானொலியில் பேசும்போது நான் இதைச் சொல்லாமல் போவது தகாது. அந்த நாடாக்கள் இல்லையேல் இந்த வரலாறு வெறும் செவிவழிக் கதையாய்ப் போயிருக்கும்.

அப்படிப் பதிவான பிள்ளைகளுள் ஒருவன்தான் எட்வர்ட். ஐந்தரை வயது. அறைக்குள் வந்ததும் வீறிட்டு அலறினான். கால்களை உதைத்தான். வேறு எவராயினும் அழுகையை அடக்கப் பார்ப்பார்கள், இனிப்பைக் காட்டுவார்கள், இல்லையேல் என்னைப்போலக் கையை அழுத்துவார்கள். நார்டாஃப் அந்த அலறலின் சுருதியைப் பிடித்தார். அலறல் எவ்வளவு உரத்ததோ, அவ்வளவு உரத்த ஒலிக்கோவைகளைப் பியானோவில் எழுப்பினார், கூடவே பாடினார். 'உன் அலறல் என் காதில் விழுந்தது' என்பதை அவன் மொழியிலேயே சொன்னார் என்று கொள்ளலாம். சற்று நேரத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அலறல் ஓயவில்லை; ஆனால் பியானோவின் சுருதியோடு சேரத் தொடங்கியது. அழுகையே பாட்டின் எல்லையைத் தொட்டது. பின்வந்த அமர்வுகளில் அந்தப் பிள்ளை அழுகை நீங்கி, சிரிப்பும் குதூகலமுமாகக் குரலெழுப்பிப் பியானோவோடு உரையாடினான்.

1977-இல் நார்டாஃபும் ராபின்ஸும் வெளியிட்ட 'படைப்பிசை மருத்துவம்' என்று நாம் பெயர் சொல்லத்தக்க நூலில் இந்தப் பதிவு இடம்பெற்றது. சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை என்னிடம் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். "ஐயா, கேளுங்கள்" என்றாள். முதல் ஒரு நிமிஷத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டேன். மறுநாள்தான் முழுவதும் கேட்டேன்.

இதே பதிவை 1990-களின் இறுதியில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் இசை மருத்துவ இதழ் ஒன்றில் அறிஞர்கள் பலர் மீண்டும் கேட்டு ஆராய்ந்தார்கள். அவன் அழுதது பயத்தினாலா, எதிர்ப்பினாலா; பியானோ அவனுக்குத் துணை நின்றதா, அல்லது நெருக்கியதா என்றெல்லாம் வாதிட்டார்கள். அது நல்ல வழக்கம். ஒரு துறை தன் முதல் வெற்றியையே ஐயத்தோடு திரும்பிப் பார்க்குமாயின், அந்தத் துறை உயிரோடிருக்கிறது என்று பொருள்.

எட்வர்ட் அழுத அந்தக் காலத்தில், ஆட்டிசத்துக்குத் தாய்தான் காரணம் என்று படித்தவர்களே நம்பினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால் பிள்ளை தன்னுள் ஒடுங்கிற்று என்பது அவர்கள் கொள்கை. சிக்காகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியல் அறிஞர், இதன் வேர் உடலமைப்பில் உள்ளது என்று ஆதாரங்களோடு வாதிட்டிருந்தார். 1969-இல் கானர், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, பெற்றோர்மேல் குற்றம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் இருபத்தொரு இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, பரம்பரைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டினார்கள். ஆகவே தாய்மார்களின் தலையிலிருந்து பழி இறங்கியது. ஆனால் நம் தெருக்களில் அது இன்னும் முற்றிலும் இறங்கிவிடவில்லை.

இங்கிலாந்தில் இன்னொரு பெண்மணியும் இதே வழியில் உழைத்தார். ஜூலியட் ஆல்வின் என்பவர், பிறப்பால் பிரெஞ்சுக்காரர், 1897-இல் பிறந்தவர், மேதை பாப்லோ கசால்ஸிடம் செல்லோ வாத்தியம் பயின்றவர். 1958-இல் இசை மருத்துவத்துக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். 1968-இல் இலண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியில் ஒரு பயிற்சி வகுப்பையும் தொடங்கினார். வாத்தியங்களை அறையில் பரப்பிவைத்து, பிள்ளை தானே வந்து தொடும்வரை காத்திருப்பது அவர் முறை. மனிதர் முகத்தைப் பார்க்கக் கூசும் பிள்ளைக்கும், செல்லோவின் மரத்தைத் தொட்டு அதன் அதிர்வை உணரக் கூச்சமில்லை. மனிதருக்கும் பிள்ளைக்கும் நடுவே வாத்தியம் ஒரு திண்ணைபோல நிற்கிறது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் புக வேண்டியதில்லை.

இசைக்கு ஏன் இந்த ஆற்றல்? ஒரு விளக்கம் தொட்டிலிலிருந்து கிடைக்கிறது. எடின்பரோ பல்கலைக் கழகத்தில் கால்வின் டிரெவார்தன் என்பவர், தாயும் சில வாரக் குழந்தையும் கொஞ்சிக்கொள்வதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். தாய் ஒன்று சொல்ல, குழந்தை 'ங்கா' என்று விடையளிக்க, இடையே அளவாக மௌனம் விழ, ஒரு தாளக்கட்டு அங்கே இருப்பதைக் கண்டார். பேச்சுக்கு முன்னரே மனிதனுக்கு முறைவைத்துப் பாடத் தெரியும் என்பது இதன் பொருள். தாலாட்டுப் பாடிய நம் பாட்டிமார்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. பேச்சின் வாயில் அடைபட்ட பிள்ளைக்கு இந்தப் பழைய வாயில் திறந்திருக்கலாம் என்பதே இசை மருத்துவர்களின் நம்பிக்கை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நம் நாட்டில் இந்த ராகத்துக்கு இந்த நோய் தீரும் என்று பட்டியல் போட்டு விற்பவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கும் ராகம் சொல்லுகிறார்கள். ஒலிநாடாவைப் போட்டுவிட்டுப் பிள்ளையை அதன் முன் உட்காரவைப்பதற்கும், நான் இதுவரை சொன்னதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. நார்டாஃபின் சிறப்பு அவர் வாசித்ததில் அன்று, கேட்டதில் இருந்தது.

ஆயினும் பயன் என்ன, அளந்து பார்த்தார்களா என்று நீங்கள் கேட்பது முறையே. நானும் கணக்கு வாத்தியார், இலக்கங்களை மதிப்பவன். நார்வே நாட்டு அறிஞர்கள் முன்னின்று, ஒன்பது நாடுகளில், நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள 364 குழந்தைகளைக் கொண்டு ஒரு பெருஞ்சோதனை நடத்தினார்கள். சிலருக்கு வழக்கமான உதவிகளோடு ஐந்து மாத காலம் இசை மருத்துவமும் கிடைத்தது. மற்றவர்க்கு வழக்கமான உதவிகளும் பெற்றோர்க்கு ஆலோசனையும் மட்டும். 2017-இல் முடிவு வெளிவந்தது. சமூக உறவுகளில் ஆட்டிசத்தின் கடுமையை அளக்கும் மதிப்பெண்ணில் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இசை மருத்துவர்களுக்கு அது ஏமாற்றமான நாள். நோயைக் கண்டறிவதற்காகச் செய்த அளவுகோலைக் கொண்டு வளர்ச்சியை அளக்கலாமா என்று பலர் எதிர்வாதம் செய்தார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தேர்வில் மதிப்பெண் குறைந்தவுடன் வினாத்தாளைக் குறைசொல்லும் மாணவர்களையும் நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 51 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், இசை பெற்ற பிள்ளைகளின் தொடர்புத் திறன் மேம்பட்டதாகப் பெற்றோர் கூறினர். மூளையில் கேள்விப் பகுதிக்கும் இயக்கப் பகுதிக்கும் இடையிலான இணைப்பும் வலுப்பட்டிருந்தது. 2022-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 1,165 பேர் பங்குகொண்ட 26 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கியது. பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை மருத்துவம் உதவக்கூடும் என்றும், பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் தெளிவான சான்று கிட்டவில்லை என்றும் அது கூறிற்று.

ஆகவே, இசை ஆட்டிசத்தை நீக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நீக்க வேண்டிய ஒன்றுதானா அது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இப்போது கேட்கிறார்கள். இதுவரை பிறர் அவர்களைப் பற்றி எழுதினார்கள். இப்போது அவர்களே எழுதுகிறார்கள். எட்வர்டுக்கு அந்தப் பியானோ அளித்தது நோய் நீக்கம் அன்று. தன் குரலுக்கு மறுகுரல் கிடைத்த அனுபவம். அதற்கு எந்தக் கோலை வைத்து அளப்பது என்பதை என் கணக்கறிவு எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு மைக்கோடு எனக்குத் தெரியும். அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டே ஊரைவிட்டுப் போய்விட்டது. விசாரித்தேன், எங்கே என்று சொல்வார் இல்லை.

என் மாணவி நடத்தும் வகுப்பைச் சில சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஐவர் வருகிறார்கள். இந்த வயதினரைப் பற்றிய ஆய்வுகள் குறைவு. எல்லாரும் சிறு குழந்தைகளையே ஆராய்கிறார்கள். ஆனால் மீசை அரும்பும் வயதில்தான் தனிமை மிகவும் வருத்துகிறது. பள்ளித் தோழர் ஒருவரும் வீட்டுக்கு வருவதில்லை. தாயும் தந்தையும் மூப்படைந்து வருகிறார்கள். அவள் வகுப்பில் பியானோ கிடையாது. ஒரு ஆர்மோனியம், இரண்டு கஞ்சிரா, ஒரு தகர டப்பா. ஒருவன் தட்டுவான், அடுத்தவன் காத்திருப்பான், தன் முறை வந்ததும் தட்டுவான். காத்திருப்பதைக் கற்க அவனுக்கு ஏழு மாதம் ஆயிற்று. தகர டப்பாவின் ஓசை ஒரு பெண்ணுக்குக் காதில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று தெரிந்ததும் அதன்மேல் துணி சுற்றிவிட்டார்கள். ஓசை சிலருக்கு இன்பம். சிலருக்கு உண்மையாகவே வலி. முதலில் கேட்டறிய வேண்டியது அதைத்தான்.

சென்ற மாதம் நான் போயிருந்தபோது, அவர்களுள் மூத்தவன் உள்ளே வந்ததும் ஆர்மோனியத்தின் மூடியைச் சாத்திவிட்டான். அவள் மெதுவாகத் திறந்து ஒரு ஸ்வரத்தை அழுத்தினாள். அவன் மீண்டும் சாத்தினான். நான், "இன்னொரு முறை வாசித்துப் பாரேன் அம்மா" என்றேன். "வேண்டாம் ஐயா, அவன் பதில் சொல்லிவிட்டான்" என்று கதவைத் திறந்துவிட்டாள். அவன் வெளியே சென்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். மற்ற நால்வரும் அன்று வகுப்பு முடியும்வரை துணி சுற்றிய டப்பாவை முறைவைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.